சாம்பல் தட்டில் ஒரு தாழ்ப்பாள்

அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. நாம் என்ன பேசினாலும் அவர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். போன தடவை நீயும் பாதியில் வைத்துவிட்டாய். எழுத்தில் என்றால் கடைசி வரி வரைக்கும் என்னைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

நல்ல செய்திதான். நம் வீட்டுக்கு ஒரு புது விறகு அடுப்பு வாங்கிவிட்டேன். சமைக்கிற அடுப்பு இல்லை. உங்கள் ஊர்ப் பனிக்குக் கூடத்தைச் சூடாக்குவதற்கென்றே வருகிற பெரிய இரும்பு அடுப்பு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உட்கார்ந்த இடத்திலிருந்தே தீ எரிவதைப் பார்க்கலாம். புகைக்குழாய் கூரை வழியாக மேலே போகும். உங்கள் ஊர்க் கடையிலேயே போனில் சொல்லி, எல்லாம் முடித்துவிட்டேன். அடுத்த வாரம் அடுப்புக்காரர் வந்து அளவெடுப்பார்.

அந்த மண்ணெண்ணெய் ஹீட்டரின் நாற்றத்தில் அப்பா இருமி இருமியே பாதியாகிவிட்டார். நீ கவனிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எந்நேரமும் கூடவே இருப்பவர்களுக்கு இருமலும் பழகிப்போய்விடும். தூரத்தில் இருக்கிற எனக்குத்தான் அது போனில் காதில் விழுகிறது. பழைய ஹீட்டரை அடுப்புக்காரரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். எங்காவது மூலையில் ஒளித்து வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னபோது, "சின்னவ வாங்கித் தர்ற அடுப்பு முன்னாடி ஒரு நாள் காலை நீட்டி உக்காந்துட்டா போதும்டி, அப்புறம் செத்தாலும் பரவால்ல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதில் உனக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அவ்வப்போது விறகு போட வேண்டும், காலையில் சாம்பல் அள்ள வேண்டும். வீட்டிலேயே இருப்பவளுக்கு அது ஒரு வேலையா?

என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அன்புத் தங்கை


அக்டோபர் 12

தங்கச்சிக்கு,

அடுப்புக்காரர் வந்தார். டேப்பை நீட்டினார், கூரையைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். நீ வாங்கியிருப்பது கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற அளவு அடுப்பு. அதைத் தூக்கவே நாலு ஆள் வேண்டுமாம்.

கூரையில் உத்தரம் போகிற வாட்டத்துக்குக் குழாயை ஒரே ஓர் இடத்தில்தான் மேலே ஏற்ற முடியும். அந்த இடம் கூடத்தின் நடுவில், என் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. மரம் எதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். "இந்தப் பலகைத் தடுப்பு இருக்கற வரைக்கும் நான் அடுப்பை வைக்க மாட்டேன். நாளைக்குத் தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?" என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை.

என் அறை எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் பாதியை நானே பலகை வாங்கி அடைத்துக்கொண்டது. போன வருஷம் வந்தபோது நீ அங்கேதான் படுத்தாய். ஒரு கட்டில், என் வேலை மேஜை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அவ்வளவுதான்.

அந்த மேஜையில்தான் என் பிழைப்பு நடக்கிறது. பல் டாக்டர் அனுப்புகிற பிளாஸ்டர் வாய் அச்சுகளில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக மெழுகில் நிறுத்தி, பல் செட் செய்து அனுப்புகிறேன். கொஞ்சம் சூடு பட்டாலும் மெழுகு இளகிவிடும், பல் சாய்ந்துவிடும். அந்த அறை குளிர்ந்து கிடப்பதால்தான் தொழில் ஓடுகிறது. அப்பாவின் வாயில் இருக்கிற இரண்டு வரிசையும் நான் செய்ததுதான். என்னைத் திட்டுவதென்றாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் திட்டுகிறார்.

அடுப்புக்காரரிடம் சின்ன அடுப்பு ஒன்று இருக்கிறதாம். அப்பாவின் அறை மூலையிலேயே வைக்கலாம், குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டுவிடலாம் என்கிறார். மாற்றித் தருவதற்கும் சம்மதித்துவிட்டார். ஆனால் வாங்கியது நீ, அதனால் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதினால் உன்னைப் போலவே எழுதிவிடுவேன் என்று பயம்.

சின்ன அடுப்பெல்லாம் வேண்டாம். கடைசிக் காலத்தில் அவரை ஒரு மூலையில் முடக்கி, நாய்க்குட்டிக்குப் போடுவதுபோல் ஒரு சின்னச் சட்டி நெருப்பைப் போட்டுவிட்டு நீ பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொள்வாயா? அவர் கூடத்தில் உட்கார வேண்டும். நாலு பேர் வந்தால் பார்க்க வேண்டும். இந்த வீட்டைக் கட்டியவர் அவர்.

தடுப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன கொத்தனாரா? நீ சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. தெரிந்த பிறகும் அதில் உயிர் போகிற விஷயம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மேஜையைச் சமையலறைக்குப் போகிற வழியில் போட்டுக்கொள். கட்டிலை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போடு, அவருக்கும் ஒரு தைரியமாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்த வயசில் உனக்குத் தாழ்ப்பாள் எதற்கு? யார் வந்து எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

மூக்கால் அழாமல் சந்தோஷமாக வைத்துக்கொள். அடுப்பு வந்த பிறகு நீயே எனக்கு நன்றி சொல்லுவாய்.

உன் தங்கை


நவம்பர் 2

தங்கச்சிக்கு,

அடுப்பு வந்துவிட்டது.

வருகிற நாளை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் டாக்டரிடம் பல் செட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் லாரி, கூரையில் இரண்டு ஆள். உள்ளே என் அறை இல்லை. தரையில் தடுப்பு நின்ற கோடு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. என் கட்டிலை அப்பாவின் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். என் மேஜை வழியில் குறுக்கே கிடந்தது. மேலே என் உள்பாவாடைகளை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். அந்நிய ஆள் மடித்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

அப்பா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா? பாரு, எவ்ளோ விசாலமா இருக்கு" என்றார்.

அடுப்புக்காரர் அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார். முதல் தீக்கு நன்றாகக் காய்ந்த மரம் வேண்டுமென்று அவர் சொன்னதும், அப்பாவே பலகைகளைக் கைகாட்டியிருக்கிறார். என் தடுப்புப் பலகைகளைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். பலகை படபடவென்று பிடித்தது. கண்ணாடிக் கதவு என்று எழுதியிருந்தாயே, உண்மைதான், எல்லாம் நன்றாகத் தெரிந்தது. "காஞ்ச பலகை, என்னமா எரியுது" என்று அப்பா கைதட்டினார்.

நான் அடுப்புக்காரரிடம் சண்டைக்குப் போனேன். என்னைக் கேட்காமல் எப்படிப் பிரித்தீர்கள் என்று கத்தினேன். அந்த மனிதர் பாவம், முகம் வெளிறிப் போய், "அம்மா, சின்ன அடுப்பு வேணாம், தடுப்பைப் பிரிச்சிடுங்கன்னு உங்க தங்கச்சி போன்ல சொல்லிட்டாங்க. ஆர்டர் கொடுத்தப்பவே நான் கேட்டேனே. கூடத்துல மரத்தடுப்பு எதுவும் இருக்கான்னு கேட்டேன். ஒண்ணு இருக்கு, பிரிச்சிடலாம்னாங்க. அதுக்குள்ள யாராவது புழங்கறாங்களான்னும் கேட்டேன். அங்க யாரும் இல்ல, சும்மா சாமான் கிடக்குதுன்னாங்க" என்றார்.

அங்கே யாரும் இல்லை.

நீ அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவள். குளிருகிறது என்று என் கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டவள். பதினெட்டாம் தேதி, நீ சொல்லித்தான் தெரிகிறது, நான் என்ன கொத்தனாரா என்று எனக்கு எழுதுகிறாய். நாக்கு கூசவில்லையா உனக்கு? கை கூசவில்லையா?

அன்று நிறுத்தி வைத்திருந்த ஒரு செட் மறுநாள் காலையில் பல்லெல்லாம் பின்னால் சரிந்து கிடந்தது, பல் முளைக்காத குழந்தை சிரிப்பதுபோல். டாக்டர் இந்தத் தடவை பொறுத்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் பொறுக்க மாட்டார்.

இன்று காலையில் சாம்பல் தட்டை இழுத்தேன். என் தாழ்ப்பாள் அதில் கிடந்தது. பலகையோடு உள்ளே போயிருக்கிறது. இரும்பு எரியவில்லை.

அக்கா


நவம்பர் 9

அக்கா,

சரி, சொன்னேன். அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன்தான். இப்போது என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? தூக்கில் போட்டுவிடு.

நான் ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை பார். கேட்டால் பதில் வரும் என்று உனக்குத் தெரியும். அப்பாதான் கேட்டார். நீ மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் எனக்குப் போன் செய்து, "அந்தக் கதவை எப்படியாவது எடுக்க வெச்சிடு சின்னவளே. அவ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டாள்னா நான் செத்தவன் மாதிரி கிடக்கேன்" என்று அழுதார். நம் அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் கேட்டேன். கேட்ட பிறகு சும்மா இருக்கச் சொல்கிறாயா?

தடியால் கட்டிலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் நீ வரவில்லையாமே. மெழுகு ஆறிக்கொண்டிருக்கிறது, இப்போது எழுந்து வர முடியாது என்றாயாமே. யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பல் வைப்பதுதான் உனக்கு முக்கியம். பெற்றவர் தண்ணீருக்குத் தவித்துக் கிடக்கலாம்.

அடுப்பை ஏன் அவ்வளவு பெரிதாக வாங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சின்னதாக இருந்தால் உன் தடுப்பு தப்பித்திருக்கும். இப்போது உனக்கு நிம்மதியா?

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். ஓர் அறையில் ஆள் இருக்கிறார்கள் என்றால் அங்கே ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். உனக்கு ஒரு புருஷன் உண்டா, பிள்ளை உண்டா, தேடி வருகிற ஆள் உண்டா? பிளாஸ்டர் தூசியும் மற்றவர்கள் வாயும்தான் அங்கே இருந்தன. அடுப்புக்காரரிடம் நான் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டு அவர் உயிரை வாங்காதே.

தங்கை


நவம்பர் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அப்பாவிடமும் எதையும் கேட்கவில்லை.

அடுப்பு நன்றாக இருக்கிறது. நீ சொன்னது சரிதான். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது, உள்ளே அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இருமல் பாதி குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் தினமும் குளிர்காய வருகிறாள். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "இது சின்னவ வாங்கிக் குடுத்தது" என்று அடுப்பை அறிமுகம் செய்து வைக்கிறார். பழைய ஹீட்டரை அடுப்புக்காரர் அன்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஒளித்து வைக்கவில்லை.

பல் வேலை கொஞ்சம் மந்தம்தான். இரண்டாவது தடவையும் ஒரு செட் சரிந்துவிட்டது. அதை விடு.

நான் யோசித்துப் பார்த்தேன். அக்கா தங்கைக்குள் இத்தனை பேச்சு எதற்கு? அப்பா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு வாயேன். அடுப்பை வாங்கியவள் அதன் முன்னால் ஒரு தடவையாவது உட்கார வேண்டாமா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. ரயிலடியிலிருந்து டாக்சி கிடைக்கும். விறகு நிறைய இறக்கி வைத்திருக்கிறேன். உனக்குக் குளிர விடமாட்டேன்.

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பாத்தியா, ஆறிட்டா, உங்க அக்கா தங்கம்" என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். நீ பொங்குவாய், பிறகு தானே அடங்கிவிடுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானே?

நானும் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதனால் நான் செய்தது சரி என்று நீயும் ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் வருகிறேன். அவரால் வர முடியாது, ஆபீசில் கணக்கு முடிக்கிற நேரம். நாலே நாள்தான் என்னாலும் இருக்க முடியும். புதுவருஷத்துக்கு நாங்கள் கடற்கரைக்குப் போவதாக இருக்கிறோம், அறையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லாதே, அவர் குறட்டை எனக்கு ஆகாது. அடுப்புக்கு எதிரில் ஒரு மெத்தை போட்டுவிடு. தீயைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லாதே. திடீரென்று போய் நிற்கிறேன்.

உன் தங்கை


டிசம்பர் 19

தங்கச்சிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. விறகுக் கூடையின் மேல் வைத்திருக்கிறேன். எப்படியும் விறகு எடுக்க இங்கேதான் வருவாய்.

உன் டாக்சி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் பின்வாசல் வழியாகக் கிளம்புகிறேன். அதனால் அப்பா ஒரு நிமிஷமும் தனியாக இருக்கவில்லை. அந்தக் குற்றத்தை என் தலையில் கட்ட முடியாது.

டாக்டரின் தம்பி வேறு ஊரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். அங்கே பிளாஸ்டர் மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வடக்குப் பார்த்த அறை, வெயிலே வராது. மெழுகு கல்லாக நிற்கும். கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். என்னிடம் இருக்கிறது என்றேன்.

இனி அடுப்பு. கவனமாகப் படி.

காலையில் சாம்பலை முழுக்க அள்ளாதே, அடியில் கொஞ்சம் விட்டால்தான் கங்கு நிற்கும். அள்ளிய சாம்பலை இரும்பு வாளியில்தான் போட வேண்டும், அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே உயிர் இருக்கும். கீழே இருக்கிற காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்தால் விறகு கணத்தில் தீர்ந்துவிடும், முழுக்க மூடினால் கண்ணாடி கரி பிடிக்கும், அப்பாவுக்குத் தீ தெரியாது, கத்துவார். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை விறகு போட வேண்டும். ராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். பெரிய அடுப்பு, நிறையத் தின்னும். அப்பாவால் குனிய முடியாது, கதவின் பிடி கொதிக்கும், அவரைத் தொடவிடாதே. அவரைத் தனியாக விட்டுவிட்டு நீ எங்கேயும் போக முடியாது. வீட்டில் வேறு ஹீட்டர் இல்லை.

வீட்டிலேயே இருப்பவளுக்கு அது ஒரு வேலையா என்று கேட்டிருந்தாய். நீயே பார்த்துச் சொல்.

அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். காலையில் பெட்டியை அவர் எதிரில் வைத்து, நான் போகிறேன் அப்பா, இனிமேல் வரமாட்டேன் என்றேன். அவர் தீயைப் பார்த்துக்கொண்டே, "வர்றப்ப ரொட்டி வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி காஞ்சது வேணாம்" என்றார். இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் இருந்ததற்கு இதுதான் வழியனுப்பு. நான் சிரித்துவிட்டேன். பிறகு குளியலறையில் போய் அழுதேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதையும் எழுதுகிறேன்.

மெத்தை அடுப்புக்கு எதிரில் போட்டிருக்கிறேன். ரொட்டி வாங்கிவிடு.

அக்கா


ஜனவரி 28

அக்கா,

டாக்டரிடம் உன் முகவரியைக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார். கடிதத்தைக் கொடுத்தால் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். குளியலறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் சாத்துவதற்கு இருக்கிற கதவு இது ஒன்றுதான். வெளியே அப்பா தட்டிக்கொண்டிருக்கிறார்.

நாலு நாளைக்கென்று வந்தவள் நான். அப்பாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். மாடி ஏற முடியாதவரை மூன்று மாடி தூக்குவது யார் என்று என் வீட்டுக்காரர் போனிலேயே முடித்துவிட்டார். அப்பாவும், "என் சின்னவ வாங்கிக் குடுத்த அடுப்பை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்கிறார். ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வைத்தேன். பிளக்கைத் தடியால் அடித்து உடைத்துவிட்டார். அது எனக்கு அவமானமாம், என் அடுப்புக்கு அவமானமாம். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தை அவள்மேல் எறிந்தார், அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

கடற்கரைக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போய்விட்டு வந்தார். நேற்றைக்குப் போன் செய்தபோது, "நீ வர்றதுன்னா வா, இல்லன்னா இரு. எனக்குப் பழகிடுச்சு" என்றார். பழகிவிட்டதாம் அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரே மாசத்தில் பழகிவிட்டது.

கையெல்லாம் சிராய்ப்பு. தலைமுடியிலிருந்து தலையணை வரைக்கும் புகை நாற்றம். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன், அடுப்பு அணைந்துவிட்டது. காலையில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பெரியவ இருந்த வரைக்கும் இது ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல. அவ கை அப்படி. உனக்கு என்ன தெரியும்?" என்றார். நான் வாங்கிய அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் இப்போது உன் பாட்டுத்தான்.

இத்துடன் அவருடைய பல் செட்டை அனுப்பியிருக்கிறேன். கிண்ணத்தோடு அடுப்பின் மேல் வைத்துவிட்டேன், தண்ணீர் கொதித்துவிட்டது, கோணிப்போய்விட்டது. இப்போது பல் இல்லாமல் கத்துகிறார், என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று இன்னும் கத்துகிறார்.

போன வாரம் அடுப்புக்காரரைக் கூப்பிட்டேன். கூடத்தில் ஒரு சின்னத் தடுப்பு போட்டுத் தரச் சொன்னேன். ஒரு கட்டில் கொள்ளுகிற அளவுக்குப் போதும், உள்ளே நான் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இந்த அடுப்பு இருக்கற கூடத்துல தடுப்பு போடக் கூடாதும்மா. நீங்கதானே பிரிக்கச் சொன்னீங்க?" என்றார். போகும்போது வாசலில் நின்று, "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னது பொய்தான் அக்கா. அந்த அறையில் நீ இருந்தாய். எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போதாவது வா.

உன் தங்கை


பிப்ரவரி 8

தங்கச்சிக்கு,

பல் செட் கிடைத்தது. அது இனி உதவாது. அப்பாவின் வாய் அச்சு என்னிடம் இருக்கிறது. கிளம்புகிற அன்று ஏன் என்றே தெரியாமல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். அதை வைத்துப் புதிதாகச் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முன்னதைவிட நன்றாக உட்காரும். உன்னிடம் அவர் சொல்வதெல்லாம் இனிமேல் தெளிவாகப் புரியும். ராத்திரியில் பச்சைத் தண்ணீரில்தான் போட்டு வைக்க வேண்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். அடுப்புக்காரர் மறுபடியும் கேட்டால் சொல்.

அவரை மார்ச்சில் வரச் சொல்லிவிடு. புகைக்குழாயை இறக்கிக் கரி தட்டவில்லை என்றால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். விறகுக்காரனுக்கும் இப்போதே சொல்லி வை. பச்சை விறகு எரியாது, புகைதான் வரும். வெட்டி அடுக்கிக் குறைந்தது ஒரு வருஷமாவது காய வேண்டும். அதனால் அடுத்த குளிருக்குக் காய்ந்த விறகாகவே வாங்கிவிடு. அதற்கடுத்த குளிருக்கு வேண்டியதை இந்தக் கோடையிலேயே வாங்கிக் கொல்லையில் அடுக்கிவிடு.

அக்கா